கள்ளக்காசும் ஒரு சுல்தானும்

எங்கள் வாப்பாவுக்குத் தெல்தோட்டை பஸாரில் ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போடும் நாளில் அந்தக் கடையில் நிற்க இடமிருக்காது. வாப்பா கடன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கணக்குப் பார்ப்பார். பழைய பாக்கியை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு வேண்டிய அரிசியும் மாவும் சீனியும் கட்டிக் கொடுப்பார்.

கடந்த வருடம் அப்படியான ஒரு சம்பள நாளில், இஷாத் தொழுதுவிட்டு வந்து காசை எண்ணிக்கொண்டிருந்த வாப்பா, ஓர் ஐயாயிரம் ரூபாத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். தொட்டால் அச்சு விரலில் தட்டுப்படவில்லை. மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். வெளிச்சத்தில் மட்டும் தெரிய வேண்டிய பறவை உருவம் அதில் இல்லை. அது கள்ளத்தாள்.

யார் தந்தது என்று வாப்பாவுக்கு ஓரளவு தெரியும். மேல் கணக்கிலுள்ள ஓர் அக்கா. அவரும் எங்கோ ஏமாந்து வாங்கியதுதான். நாளைக்குக் கண்டிச் சந்தையில் சனக்கூட்டத்துக்குள் மாற்றிவிடலாம் என்று நானா சொன்னார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா மட்டும், தன் கைக்கு வந்த பொய் தன் கையோடு நிற்கட்டும் என்றார். காலையில் அதை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விபரம் எழுதிக் கையொப்பமும் வைத்துவிட்டு வந்தார். கள்ளத்தாளுக்குப் பதில் தாள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஐயாயிரம் என்னுடைய டியூஷன் காசு. எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. அடித்தவன் எங்கோ இருக்கிறான். அடிக்காத வாப்பா ஏன் அதைச் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, உயர்தர வரலாற்று வகுப்பில் டீச்சர் தில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கைப் பற்றிப் படிப்பித்தார். செம்பில் காசடித்து, நாடெங்கும் கள்ளக்காசு பெருகி, கடைசியில் கஜானாவைத் திறந்துவிட்ட சுல்தான் என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கேள்வி அறுநூற்றைம்பது வருடங்களுக்கு மேல் பழையது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு தலைவர் காலையில் போட்ட கட்டளையை மாலையில் மாற்றினால், பத்திரிகைகள் துக்ளக் தர்பார் என்று எழுதிவிடும். அந்த அளவுக்கு அவருடைய பெயர் மடமைக்கு மறுபெயராகிவிட்டது. ஆனால் அவர் மடையரல்லர். தில்லியை ஆண்ட சுல்தான்களில் அவரளவு கற்றவர் வேறொருவர் இருந்தாரா என்பது சந்தேகம்தான்.

அவர் பிறந்தது 1290 ஆம் ஆண்டளவில். இயற்பெயர் ஜவ்னா. தந்தை காஸி மலிக், பஞ்சாபின் தீபால்பூரில் ஆளுநராக இருந்து, வடமேற்கு எல்லையில் மொங்கோலியரின் படையெடுப்புகளைத் தடுத்து நின்ற தளபதி. 1320 இல் அந்தத் தளபதி தில்லியின் சிம்மாசனத்தில் ஏறி சுல்தான் கியாஸுத்தீன் துக்ளக் ஆனார். மகனுக்கு உலூக் கான் என்ற பட்டம் கிடைத்தது.

இளவரசர் வாளோடு மட்டும் வளரவில்லை. அரபு, பாரசீகம், தர்க்கம், தத்துவம், கணிதம், வானியல், மருத்துவம் எல்லாம் கற்றார். அவருடைய கையெழுத்தின் அழகை அக்காலத்தவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மது அருந்தமாட்டார். ஐவேளைத் தொழுகையில் கண்டிப்பானவர். தந்தையின் கட்டளைப்படி தெற்கே படை நடத்தி 1323 இல் வாரங்கலைக் கைப்பற்றினார். அந்தக் காலத்திலேயே தில்லியின் கை, அரபிகள் மஃபர் என்று அழைத்த தமிழகக் கரை வரை, அதாவது மதுரை வரை நீண்டது. நமது மன்னாரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம்.

1325 இல் தந்தை ஒரு மரமண்டபம் இடிந்து விழுந்து இறந்தார். அந்த மண்டபத்தைக் கட்டுவித்தவர் மகன் என்பதால் சந்தேகம் அவர்மீது விழுந்தது. அது விபத்தா, சதியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். ஜவ்னா கான், சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் ஆனார்.

ஆட்சிக்கு வந்ததும் அவர் அக்கறையோடு கவனித்தவற்றில் ஒன்று நாணயம். அதுவரை தில்லியில் வழங்கிய வெள்ளித் தங்கா சுமார் 11 கிராம் நிறை. புதிய சுல்தான் சுமார் 13 கிராம் நிறையில் பொன் தீனாரையும், சுமார் 9 கிராம் நிறையில் அத்லி என்ற வெள்ளிக்காசையும் வெளியிட்டார். எழுத்துகளின் அழகும் அச்சின் சுத்தமும் முன்பு யாரும் காணாதவை. நாணயம் அடித்த அரசர்களில் அவரைத் தலைசிறந்தவராக வைத்து 19 ஆம் நூற்றாண்டு நாணய ஆய்வாளர் எட்வர்ட் தோமஸ் புகழ்ந்திருக்கிறார். நாணயத்தில் மிகவும் அவமானப்பட்ட சுல்தானும் இவர்தான். நாணயத்தை மிக நன்றாக அறிந்த சுல்தானும் இவர்தான். இதுதான் எனக்கு முதலில் வியப்பைத் தந்தது.

அவருடைய ராஜ்யம் மிகப் பெரியது. வடக்கே பஞ்சாப், கிழக்கே வங்காளம், தெற்கே மதுரை. பேசும் மொழிகள் வேறு, வணங்கும் முறைகள் வேறு, அளக்கும் படிகளும் வேறு. எல்லோரும் ஏற்க வேண்டியது ஒரே சுல்தானின் காசு. இவ்வளவு தூரத்தைத் தில்லியில் இருந்துகொண்டே ஆள முடியாது என்று நினைத்த சுல்தான், 1327 இல் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் தக்காணத்திலிருந்த தேவகிரியைத் தௌலதாபாத் என்று பெயர் மாற்றி இன்னொரு தலைநகராக்கினார். தில்லியின் பிரபுக்களும் உலமாக்களும் குடும்பம் குடும்பமாக அங்கே போகும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வழியில் பட்ட துன்பத்தை மக்கள் மறக்கவில்லை.

புதிய தலைநகர், பெரிய படை, குராசானை நோக்கிப் போக வேண்டுமென்ற ஆசை, தேடி வந்த அறிஞர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் வெகுமதி. எல்லாவற்றுக்கும் வெள்ளி வேண்டும். வெள்ளியோ தட்டுப்பாடாக இருந்தது. அப்போது அவர் எல்லைக்கு வெளியே பார்த்தார்.

சீனாவில் மொங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1260 இலேயே கடதாசிக் காசை வெளியிட்டிருந்தார். மல்பெரி மரப்பட்டையில் செய்த தாள். அதன்மேல் அரச முத்திரை. பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஆனால் சந்தையில் செல்லும். பாரசீகத்தை ஆண்ட கைகாத்து என்ற மொங்கோலிய மன்னர் 1294 இல் தப்ரீஸ் நகரில் அதையே செய்து பார்த்தார். வியாபாரிகள் கடையைப் பூட்டினார்கள். இரண்டு மாதமளவில் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. ஓர் அயல்நாட்டில் வெற்றி, இன்னோர் அயல்நாட்டில் தோல்வி. சுல்தானின் மனம் வெற்றியின் பக்கமே சாய்ந்தது.

ஹிஜ்ரி 730 ஆம் ஆண்டில், அதாவது 1329-30 இல், செம்பிலும் பித்தளையிலும் புதிய தங்கா வந்தது. தில்லியிலும் தௌலதாபாதிலும் வேறு சில நகரங்களிலும் அதை அடித்தார்கள். வெள்ளித் தங்காவுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பில் இதையும் வாங்க வேண்டும் என்பது கட்டளை. ஆட்சியாளருக்குக் கட்டுப்படுவது அல்லாஹ்வுக்குக் கட்டுப்படுவது என்ற கருத்தைக் காசிலேயே பொறித்தார். காசைக் காப்பதற்கு மக்களின் மார்க்கப் பற்றைத் துணைக்கு அழைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு காவல் அந்தக் காசுக்கு இருக்கவில்லை.

அது ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்காசின் பெறுமதி அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஒருவன் ஈயத்தைக் கலந்து கள்ள வெள்ளிக்காசு செய்தால், தட்டான் உரைகல்லில் உரைத்தோ, தராசில் நிறுத்தோ, கல்லில் போட்டுச் சத்தத்தைக் கேட்டோ கண்டுபிடித்துவிடுவான். செப்புத் தங்காவில் அது முடியாது. அரசனுடைய காசும் செம்பு, கள்ளனுடைய காசும் செம்பு. நிறையும் ஒன்று, சத்தமும் ஒன்று. வித்தியாசம் மேலேயுள்ள எழுத்தில் மட்டும்தான். அந்த எழுத்தை வெட்டத் தெரிந்த கொல்லன் ஊருக்கு ஊர் இருந்தான். சீனப் பேரரசின் தாளை யாரும் இலகுவில் செய்ய முடியாது. செய்தவனுக்கு மரண தண்டனை என்பது தாளிலேயே அச்சாகியிருந்தது. சுல்தான் சீனாவின் காசைப் பார்த்தார். காசுக்குப் பின்னால் நின்ற காவலைப் பார்க்கவில்லை.

நடந்ததை எழுதி வைத்தவர் ஸியாஉத்தீன் பரணி. பதினேழு வருடங்கள் சுல்தானின் அவையில் உடனிருந்தவர். வீடுகள் எல்லாம் நாணயச் சாலைகளாகிவிட்டன என்று அவர் எழுதுகிறார். மக்கள் செப்புக்காசில் வரி கட்டினார்கள். அதே செப்புக்காசில் குதிரையும் ஆயுதமும் வாங்கினார்கள். வெள்ளியைப் புதைத்து வைத்துக்கொண்டார்கள். பரணி இந்தக் குற்றத்தை இந்துக்களின் வீடுகள்மீது மட்டும் சுமத்துகிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இலாபத்துக்கு ஆசைப்படும் கைக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. சந்தர்ப்பம் கிடைத்தவரெல்லாம் செய்திருப்பார்கள் என்பதே நியாயமான முடிவு.

பரணி தரும் இன்னொரு செய்தி மிகவும் முக்கியமானது. சுல்தானின் கட்டளைக்கு அஞ்சிய இடங்களிலேயே ஒரு பொன் தங்காவுக்கு நூறு செப்புத் தங்கா என்று விலை ஏறிவிட்டது. தூரத்து நாடுகளில் அந்தக் காசைச் செம்பின் விலைக்கு மட்டும்தான் எடுத்தார்கள். அதாவது, வாக்குறுதி எவ்வளவு தூரம் நம்பப்படுகிறதோ அவ்வளவு தூரம்தான் காசு நடக்கும். எல்லையைத் தாண்டியதும் அது வெறும் உலோகம். ஓர் ஊரில் அடித்த கள்ளக்காசு அடுத்த ஊருக்குள் நுழையும்போது அங்கிருப்பவருக்கு அதை அறிய வழியில்லை. கண்டுபிடித்தாலும் அதை இன்னோர் ஊருக்குச் சொல்ல ஏற்பாடில்லை. எல்லோருக்கும் பொதுவான காசு இருந்தது. அதைப் பொதுவாகக் காக்கும் கைகள்தாம் இல்லாமல் போயின.

மூன்று வருடமளவில் சுல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். இனிச் செப்புத் தங்கா செல்லாது, வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்துப் பொன்னும் வெள்ளியும் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். சனங்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். வந்தவற்றில் எத்தனை அரசாங்கத்துடையவை, எத்தனை கள்ளம் என்று யாரால் பிரிக்க முடியும்? கஜானா திறந்தது, பொன்னும் வெள்ளியும் போயின. துக்ளக்காபாத் கோட்டையில் செப்புக்காசு மலைபோலக் குவிந்து கிடந்ததாகப் பரணி எழுதுகிறார்.

எங்கள் வகுப்பு சிரித்தது இந்த இடத்தில்தான். எனக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. நேற்று வரை செல்லும் என்று சொன்ன காசை இன்று செல்லாது என்று கைவிரித்துவிட்டு அவர் இருந்திருக்கலாம். வாளைக் கையில் வைத்திருந்தவரைக் கேட்பார் யார்? கேட்க ஆளில்லாத இடத்திலும் அவர் நட்டத்தை ஏழையின் மடியில் போடவில்லை. தன் பெயரைப் பொறித்த காசு தன் அமானிதம் என்று நினைத்தார் போலும். அவருடைய வாழ்க்கையில் நான் மதிக்கும் செயல் இது.

அதற்காக அவரை நல்லவராக மட்டும் காட்டுவது பொய்யாகிவிடும். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலத்தில் வரியை உயர்த்தினார். விவசாயிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். பிறகு மழையும் பொய்த்தது. பல வருடங்கள் நீடித்த பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டார்கள். கிணறு வெட்டவும் விதை வாங்கவும் சுல்தான் கடன் கொடுத்தார். தில்லியில் ஆறு மாதத்துக்கு ஆளுக்கு ஆள் தானியம் பங்கிடச் செய்தார். அதே கையால் சிறிய குற்றத்துக்கும் கொடிய தண்டனை கொடுத்தார். அவருடைய மாளிகை வாசலில் வெகுமதி பெற்று வெளியே வருபவரையும் கொலையுண்டு கிடப்பவரையும் ஒரே நாளில் காணலாம் என்ற கருத்தில் ஒரு பயணி எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பயணி நமக்கு அந்நியரல்லர். அவர்தான் மொரோக்கோவின் தஞ்சா நகரைச் சேர்ந்த இப்னு பதூதா. 1333 இல் சிந்து நதியைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார். சுல்தான் அவரைத் தில்லியின் காஸியாக்கினார். சில வருடங்கள் கழித்துச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் கப்பல் உடைந்து, பரிசுப் பொருட்களெல்லாம் கடலோடு போயின. வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்ப அஞ்சிய அவர் மாலைதீவுக்குப் போனார். அங்கிருந்து 1344 இல் இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய உதவியோடு பாவா ஆதம் மலையில் ஏறினார். நம் மலைநாட்டில் கம்பளை தலைநகராகியிருந்த காலம் அது. துக்ளக்கின் கையால் சம்பளம் வாங்கிய ஒருவர் நம் மலைக்காற்றைச் சுவாசித்துப் போயிருக்கிறார் என்று நினைக்கும்போது, தில்லி அவ்வளவு தூரமில்லை என்று தோன்றுகிறது.

இப்னு பதூதாவின் பயணக் குறிப்பில் இரண்டு காசுகளைப் பற்றிய செய்தி உண்டு. ஒன்று மாலைதீவின் சோகி. கடலில் கிடைக்கும் அந்தச் சிறு சங்குதான் அங்கே காசு. வங்காளத்தாரும் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஆபிரிக்காவின் மாலி நாட்டிலும் அதைக் காசாகக் கண்டார். எத்தனையோ நாடுகளுக்குப் பொதுவான காசு அது. கள்ளச் சோகி செய்ய யாராலும் முடியாது. மற்றது சீனாவின் கடதாசிக் காசு. கிழிந்த தாளைக் கொண்டுபோனால் அதற்குரிய இடத்தில் செலவில்லாமல் புதிய தாள் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். சோகியைக் கடல் காத்தது. தாளை அரசு காத்தது. செப்புத் தங்காவைக் காக்க யாருமில்லை.

சுல்தானின் கடைசிக் காலம் கிளர்ச்சிகளோடு கழிந்தது. 1335 அளவில் மதுரை ஆளுநர் தனிச் சுல்தானானார். 1336 இல் விஜயநகரம் எழுந்தது. வங்காளம் பிரிந்தது. 1347 இல் தக்காணத்தில் பஹ்மனி ராஜ்யம் தோன்றியது. தன் ஆட்சிக்கு மக்கள் மனதில் மதிப்பைத் தேடி, கெய்ரோவிலிருந்த அப்பாஸியக் கலீபாவின் பெயரைக் காசில் பொறித்தார். 1344 அளவில் அங்கிருந்து தூதரும் அங்கியும் வந்தபோது பெரும் மரியாதையோடு வரவேற்றார். தன் பெயரால் நிற்க முடியாத காசை, எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு பெயரால் நிறுத்தப் பார்த்தார். 1351 மார்ச் மாதத்தில், ஒரு கிளர்ச்சிக்காரனைத் துரத்திச் சென்ற வழியில், சிந்துவின் தட்டா நகருக்கு அருகில் காய்ச்சலில் இறந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் சிறிய தந்தையின் மகன் பிரோஸ் ஷா. அவர் செய்த ஒரு காரியத்தை வாசித்தபோது என் கண் கலங்கியது. முஹம்மத் பின் துக்ளக்கால் அநீதி இழைக்கப்பட்டவர்களின் வாரிசுகளைத் தேடிப் பிடித்து, ஈடு கொடுத்து, மன்னித்துவிட்டோம் என்று எழுதி வாங்கினார். அந்தக் கடிதங்களை ஒரு பெட்டியிலிட்டு சுல்தானின் கப்ரின் தலைமாட்டில் வைத்தார். அடியார்களின் ஹக்கை அடியார்களே மன்னிக்க வேண்டும் என்று நமக்கு மத்ரஸாவில் சொல்லித் தந்தார்களே, அந்தப் பாடம்தான் அந்தப் பெட்டியில் இருந்தது.

சுல்தானின் காலம் முடிந்தது. கள்ளக்காசின் காலம் முடியவில்லை. 16 ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி சுமார் 11.5 கிராம் வெள்ளியில் ரூபியாவை அடித்தார். நமது ரூபாவின் பெயர் அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் வெள்ளி ரூபாய் இலங்கையிலும் செல்லும் காசாக இருந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து இந்த மலைகளில் உழைத்தவர்களின் கூலியும், அவர்கள் விட்டு வந்த ஊரின் சந்தைக் காசும் ஒரே ரூபாய். கடலின் இரு கரைக்கும் பொதுவான காசு.

காசு எல்லையைத் தாண்டுவதுபோலக் கள்ளனும் எல்லையைத் தாண்டுவான் என்பதை உலகம் மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 1925 டிசெம்பரில் நெதர்லாந்தில் ஓர் ஆயிரம் பிராங் தாளை மாற்ற வந்த ஹங்கேரியர் பிடிபட்டார். காசு பிரான்ஸுடையது, அடித்த இடம் ஹங்கேரி, பிடிபட்ட இடம் நெதர்லாந்து. எந்த நாட்டுச் சட்டம் அவரைத் தண்டிப்பது? பிரான்ஸ் இந்தப் பிரச்சினையைச் சர்வதேச சங்கத்துக்குக் கொண்டுபோனது. 1929 ஏப்ரல் 20 இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை கையொப்பமானது. அயல்நாட்டுக் காசைப் போலியாகச் செய்வதையும் சொந்த நாட்டுக் காசைப் போலியாகச் செய்வதைப் போன்றே தண்டிக்க வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென ஒரு மத்திய அலுவலகம் இருந்து மற்ற நாடுகளுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பவை அதன் சாரம். 1923 இல் வியன்னாவில் உருவாகி இன்று இன்டர்போல் என்று அழைக்கப்படும் பொலிஸ் அமைப்பும் இந்த வேலையில் கைகொடுத்தது.

2002 ஜனவரி 1 இல் பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகள் யூரோ தாளையும் காசையும் கையிலெடுத்தன. துக்ளக்கின் ராஜ்யம்போலவே பல மொழிகள், ஒரே காசு. ஆனால் இம்முறை காவலையும் கூடவே வைத்தார்கள். ஓரிடத்தில் பிடிபட்ட கள்ளத்தாளின் விபரம் மற்ற நாடுகளுக்கும் போகும். பெரிக்கிள்ஸ் என்ற பெயரில் ஒரு திட்டம் வகுத்து, வெவ்வேறு நாடுகளின் பொலிஸாரையும் வங்கி அலுவலர்களையும் நீதித் துறையினரையும் ஒன்றாக இருத்திப் பயிற்சி கொடுக்கிறார்கள். யூரோ வழங்காத நாட்டவர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். ஏனென்றால் கள்ளன் தனக்கு வசதியான நாட்டிலிருந்துதான் அச்சடிப்பான். பாதுகாப்பில்லாத ஒரு வீட்டின் வழியாக ஊர் முழுவதையும் கொள்ளையடிக்கலாம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அடிக்காதவர் ஏன் சுமக்க வேண்டும்? கள்ளக்காசு எத்தனை கை மாறினாலும், அதைக் கள்ளம் என்று கண்டுகொள்ளும் கையில்தான் நட்டம் விழுகிறது. அந்தக் கை இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தெரிந்துகொண்டே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். அப்படிச் செய்த நிமிடத்தில் அதுவும் கள்ளனின் கையாகிவிடும். அல்லது அதோடு நிறுத்தலாம். பெரிய நாடுகள் உடன்படிக்கை எழுதிச் செய்ய முயல்வதும் இந்த நிறுத்தும் வேலையைத்தான். சுல்தான் கஜானாவைத் திறந்து செய்ததும் அதுவே. எங்கள் வாப்பா ஐயாயிரம் ரூபாவோடு செய்ததும் அதுதான். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி ஒரு சூறாவே இறங்கியிருக்கிறது. தெரிந்துகொண்டு கொடுக்கும் கள்ளக்காசும் குறைத்து நிறுத்த தராசு போன்றதே.

அடுத்த சம்பள நாளில் அந்த அக்கா கடைக்கு வந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாவை மேசையில் வைத்து, முதலாளி, மிச்சத்தை மாதா மாதம் தருகிறேன் என்றார். வாப்பா அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு நல்ல ஐயாயிரம் ரூபாத் தாளை எடுத்து, அச்சின் மேட்டை விரலால் தடவச் சொன்னார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பறவையைக் காட்டினார். அக்கா அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வெளியே நின்ற தன் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மாதம் டியூஷனுக்குப் போகாமல் விட்ட பாடங்களைத் தோழி ஒருத்தியின் கொப்பியைப் பார்த்து எழுதி முடித்தேன். முஹம்மத் பின் துக்ளக் பரீட்சைக்கு வருவாரோ தெரியாது. வந்தால் எழுத என்னிடம் நிறைய இருக்கிறது.